எதிர்க்கடை அண்ணாச்சி

மரக்காணத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் யாரையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தெற்கத்திக்காரராக இருக்கட்டும், பக்கத்து அனுமந்தையில் பிறந்து வளர்ந்தவராக இருக்கட்டும், தராசுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் அண்ணாச்சிதான். பேரன் பேத்தி எடுத்த கிழவர்கள்கூட மீசை சரியாக முளைக்காத பையனைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு தீப்பெட்டி" என்பார்கள். அதில் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. எனக்கு மட்டும் எரிச்சல் வரும்.

என் அப்பாவின் பெயர் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் உறையின் மேல் 'அண்ணாச்சி, மளிகைக்கடை' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். தபால்காரருக்கும் அதுவே போதும். நான் அண்ணாச்சி பொண்ணு. அம்மா அண்ணாச்சி வீட்டம்மா. எங்கள் வீட்டுப் பூனையையே அண்ணாச்சி பூனை என்று தெருப் பிள்ளைகள் கல்லால் அடித்திருக்கிறார்கள்.

அப்பா அம்மாவின் சொந்த ஊர் திருநெல்வேலிக்கும் தெற்கே. அங்கே அது கடைக்காரரைக் குறிக்கிற சொல்லே இல்லை. கூடப்பிறந்த அண்ணனைத் தம்பி தங்கைகள் மரியாதையோடு கூப்பிடுவது. மூத்தவர் யாராயிருந்தாலும் அப்படி அழைப்பதுண்டு. ஆனால் சொல்லின் வேர் வீட்டுக்குள்தான் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் புதுச்சேரி மருந்துக்கடையில் உடன் வேலை செய்யும் ஒருவர், "கடையில அண்ணனோட ஆட்சி, அதான் அண்ணாச்சி" என்று பெரிய கண்டுபிடிப்புப் போலச் சொன்னார். அவரோடு நான் கொஞ்ச நாள் பேசவே இல்லை. தம்பி வாயிலிருந்து வருகிற சொல்லில் ஆட்சி எங்கே இருக்கிறது? அண்ணன் என்பதோடு கொஞ்சம் மரியாதையும் நிறையப் பிரியமும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இலக்கணம் தெரிந்தவர்கள் வேறு ஏதாவது சொல்லலாம். சொல்லட்டும்.

சென்னை போன்ற பெரிய ஊர்களில் அந்தச் சொல் எப்படிக் கடைக்குள் நுழைந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவுக்கு எப்படி வந்தது என்று நன்றாகத் தெரியும். அதைக் கொண்டுவந்தவர் என் சித்தப்பா.

அப்பா உப்பளத்துக்குப் போகிற சாலையில் கடை போட்ட புதிதில், "ஏம்பா கடைக்காரே" என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'அந்தத் தெக்கத்தி ஆளு' என்பார்கள். அப்பாவும் அதிகம் பேசுகிறவர் இல்லை. அப்புறம் ஊரிலிருந்து சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பா வீட்டுக்கு மூத்தவர், சித்தப்பா கடைக்குட்டி, நடுவில் பிறந்தது எல்லாம் பெண்கள். சித்தப்பா பிறந்தபோது அப்பாவுக்கு மீசையே முளைத்துவிட்டதாம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் ஊர்க் கடையில் பொட்டலம் மடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லுவார்.

வந்த நாளிலிருந்து சித்தப்பா வாயில் அந்தச் சொல்தான். "அண்ணாச்சி, சீனி எங்கன இருக்கு?" "அண்ணாச்சி, நல்லெண்ணெய் தீந்துட்டு." "அண்ணாச்சி, இந்த அம்மா பேசுதது ஒண்ணும் விளங்க மாட்டேங்கு." லாரிக்காரன் ஹாரன் அடிப்பதுபோல ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அதை அடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியும்போதே எங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். அவர்களில் ஒரு அம்மா தினமும் வெற்றிலை பாக்கு வாங்குவார். வாயாடி. அவர்தான் ஒருநாள், "இன்னாடா, எப்பப் பாரு அண்ணாச்சி அண்ணாச்சின்னு கத்திக்கினே இருக்க? உங்க அண்ணாச்சி எங்கயும் ஓடிட மாட்டாரு" என்றார். சொல்லிவிட்டு, சித்தப்பாவின் குரலிலேயே இழுத்து, "அண்ணாச்சீ, வெத்தல பாக்கு!" என்று அப்பாவிடம் கையை நீட்டினார். கூட வந்த பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளும் அப்படியே கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிட்டது, கூப்பிடுவது நிற்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து அது உப்பள முதலாளிகளுக்குப் போனது, உள்கிராமத்து விவசாயிகளுக்குப் போனது, பிறகு இந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கடைக்காரர்கள் தலையிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்பாவுக்கு உள்ளூர ஏக சந்தோஷம். "ஊரே எனக்குத் தம்பி தங்கச்சி ஆயிட்டு பாத்தியா" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்பா சிரித்ததாக எனக்கு இருக்கிற நினைவுகள் குறைவு. அதனால் இதை விடாமல் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து தம்பியையோ மச்சினனையோ கடைக்குக் கூட்டிவருவார்கள். அவன் மூட்டை தூக்கி, சரக்கு நிறுத்து, ஆள்களைப் பழகித் தொழிலைப் படித்ததும், கூட்டிவந்தவரே அவனுக்குத் தனியாக ஒரு கடை வைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அது வேறு ஊரில் இருக்க வேண்டும். அண்ணன் கடையில் நின்று பார்த்தால் தம்பி கடை கண்ணில் படக்கூடாது. மீறியவர்களைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் குரலைக் கேட்டே நாங்கள் இதைத் தெரிந்துகொள்வோம்.

சித்தப்பாவுக்கு அனுமந்தையில் கடை வைத்துக் கொடுப்பதாக அப்பா சொல்லியிருந்தார். "தை பிறக்கட்டும்" என்பார். தை பிறக்கும். அதற்குள் ஏதாவது காரணமும் பிறந்திருக்கும். இந்த வருஷம் மழை அதிகம், உப்பு விளையவில்லை, வியாபாரம் மந்தம். அடுத்த வருஷம் எனக்குப் பூப்புனித நீராட்டு. அதற்கடுத்து அப்பாவுக்கு முதுகுவலி. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி சித்தி வந்தார், ஒரு பிள்ளையும் பிறந்தது, அனுமந்தை மட்டும் வரவில்லை. அப்பாவைச் சுயநலக்காரர் என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தது வேறு. அவருக்குத் தம்பியை விட மனசில்லை. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தட்டில் வெங்காயம் கடித்துக்கொண்டு பழையசோறு சாப்பிடுவார்கள். அந்த நேரத்துக்காக அவர் தம்பியின் வாழ்க்கையைப் பிடித்து வைத்திருந்தார். பிரியம்தான். பிரியமாக இருந்தாலும் தப்பு தப்புதானே.

எங்கள் கடைக்கு நேர் எதிரே இருந்த சைக்கிள் கடை காலியானது. சித்தப்பா அப்பாவிடம் சொல்லாமல் அந்த இடத்தைப் பேசி முடித்துவிட்டார். அப்பாவுக்கு அது வேறு யார் வாயிலோ தெரியவந்தது. துவரம்பருப்பு அளந்துகொண்டிருந்தவர் படியைப் போட்டுவிட்டு, எதிரே நின்றிருந்த சித்தப்பாவை நோக்கித் தெருவில் இறங்கினார்.

"ஏல, ஊர்ல இத்தன இடம் கெடக்கு. என் நெஞ்சுக்கு நேராத்தான் கட போடணுமோ?"

"அண்ணாச்சி, நீங்க அனுப்புவிய அனுப்புவியன்னு எத்தன வருசம்..."

"கூப்பிடாத. இனிமே என்னைய அண்ணாச்சின்னு நீ கூப்பிடாத."

சித்தப்பா, "சரி" என்றார். அவ்வளவுதான். அப்பாவிடம் அவர் பேசியதிலேயே அந்தச் சொல் இல்லாத முதல் பேச்சு அதுதான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அதுவே கடைசிப் பேச்சும் ஆகும் என்று தோன்றவில்லை. கோபம் ஆறினால் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னார், நானும் நம்பினேன். அப்பா சொன்ன எதையும் சித்தப்பா தட்டியதில்லை, அந்தக் கடை ஒன்றைத் தவிர. இதையும் அவர் தட்டவில்லை.

இரண்டு கடைகளும் ஓடின. ஊர் தன் வழக்கப்படி இருவரையும் அண்ணாச்சி என்றது. குழப்பம் வந்தால் இவர் பழைய கடை அண்ணாச்சி, அவர் எதிர்க்கடை அண்ணாச்சி. யாராவது எங்கள் கடையில் நின்று "எதிர்க்கடை அண்ணாச்சிகிட்ட வெல்லம் நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டால் போதும், அப்பா பொட்டலத்தை நூலால் இறுக்கிக் கட்டியபடி முணுமுணுப்பார். "கடைக்குட்டிப் பய. அவனுக்குக் கீழ எவன் பொறந்தான்? அவன் எவனுக்கு அண்ணாச்சி?"

ஆனால் காலையில் அவர் செய்வது வேறு. உப்புக்காற்றுக்கு எங்கள் தெருவில் எந்த ஷட்டரும் துருப்பிடிக்காமல் தப்பாது. தூக்கினால் தெருவே விழித்துக்கொள்ளும். சித்தப்பா குடும்பம் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தது, அவர் உள்ளிருந்துதான் ஷட்டரைத் தூக்குவார். எதிர்க்கடை ஷட்டர் சத்தம் கேட்கும்வரை அப்பா கடையை ஒட்டிய எங்கள் வீட்டு நடையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டதும், "எந்திச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் எங்கள் ஷட்டரைத் தூக்குவார். போட்டிக் கடைக்காரன் முதல் போணி பண்ணட்டும் என்று காத்திருக்கிற வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருநாள் இதைக் கேட்டேன். "முதுகுவலி. எந்திக்க நேரமாவுது" என்றார். பொய் சொல்லவும் தெரியாது அவருக்கு.

என் கல்யாணத்துக்குச் சித்தப்பா வந்தார். மூட்டை மூட்டையாகச் சாமான் தூக்கினார், சமையல்காரரோடு சண்டை போட்டார், கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். அப்பா நின்ற பக்கம் மட்டும் போகவில்லை. முகூர்த்தம் முடிந்ததும் நானே பட்டுப்புடவையோடு அவரிடம் போனேன்.

"சித்தப்பா, இன்னிக்காவது அப்பாகிட்ட ஒரு வார்த்த பேசுங்க."

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "என்னன்னு கூப்பிட்டுப் பேசுதது, தாயி?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நம் வீடுகளில் மூத்தவரிடம் எடுத்த எடுப்பில் பேச்சைத் தொடங்க முடியுமா? முதலில் முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் சொல்ல முடியாது, நீ என்று சொல்ல முடியாது, சும்மா போய் எதிரே நின்று இருமவும் முடியாது. அவருக்கு இருந்தது ஒரே ஒரு சொல். அதை அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டார்.

இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். "அவன் கூப்பிட்டா நான் அடிக்கவா போறேன்?" என்றார். திரும்பிச் சித்தப்பாவிடம் ஓடினேன். "கூப்பிடச் சொல்லி அவுக வாயால சொன்னாகளா?" என்று கேட்டார். சொல்லவில்லைதான். அப்பா தம்பி கூப்பிடட்டும் என்று இருந்தார், சித்தப்பா அண்ணன் சொல்லட்டும் என்று இருந்தார். நடுவில் இருந்தது ஒரு தார்ச்சாலை, ஒரு பஸ் வந்தால் இன்னொரு பஸ் ஒதுங்க வேண்டிய அகலம்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டதால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் வாழ்க்கைப்பட்ட பொம்மையார்பாளையத்திலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அன்று காலை மழை சற்று விட்டிருந்தது. அப்பா வழக்கம்போலக் காபியோடு உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடை ஷட்டர் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது.

அப்பா தலையை நீட்டிப் பார்த்தார். ஷட்டர் இடுப்பளவுக்கு ஏறி, அப்படியே நின்றிருந்தது. எங்கள் கடைத்தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெருவில் யாராவது இறந்துவிட்டால் எல்லாக் கடைகளும் ஷட்டரைப் பாதியில் விடும். முழுக்க மூடினால் சாமான் வேண்டியவர்கள் திண்டாடுவார்கள். முழுக்கத் திறந்தால் மரியாதை இல்லை.

"யாரு போய்ட்டா?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கும் தெரியவில்லை. கோடிவீட்டுப் பெரியவர் படுக்கையில் இருந்தார், அவராகத்தான் இருக்கும் என்றார். "ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குச் சொல்ல ஒருத்தனுக்கும் வாயில்ல" என்று அப்பா கோபித்துக்கொண்டார். எழுந்து வந்து எங்கள் ஷட்டரைப் பாதிக்கு மட்டும் தூக்கினார். வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரென்று தெரியாத அந்தச் சாவுக்கு மரியாதையாக, கைகட்டி நின்றார். எதிரே பாதி ஷட்டருக்குப் பின்னால், அரிசி மூட்டைகளின் மறைவில் அவர் தம்பி விழுந்து கிடந்தார்.

சித்தி அலறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா அந்தச் சாலையைக் கடந்ததை நான் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை, செருப்பும் போடவில்லை. ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். ஷட்டரைத் தூக்கும்போதே மாரடைப்பு, விழுந்தவுடனே உயிர் போயிருக்கும், யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பா அதை நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. "நான் கைகட்டி நின்னேனே" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது என்னால் அந்த இடத்தில் இருக்க முடிவதில்லை, எழுந்து போய்விடுகிறேன்.

'அண்ணாச்சி போயிட்டாரு' என்று செய்தி போனது. உப்பளத்துக்காரர்களுக்கும் உள்கிராமங்களுக்கும் அந்த இரண்டு சொல்தான் போய்ச் சேர்ந்தது. மாலைகளோடு ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்கினார்கள். எங்கள் கடைதான் பழைய கடை, அதனால் எங்கள் வாசலுக்கே வந்தார்கள். பாதி ஷட்டரைப் பார்த்தார்கள், அழுத முகத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்கள், கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்கள். தாலி கழுத்தில் இருக்கும்போதே அம்மா, "அவுக இல்லம்மா, தம்பி, தம்பி" என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

அந்த வெற்றிலை அம்மாவும் வந்தார். இப்போது நன்றாகக் கூன் விழுந்துவிட்டது. என் அம்மா சொன்னது காதில் ஏறாமல் திரும்பியவர், எதிர்க்கடை வாசலில் அரிசி மூட்டைமேல் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். மாலையோடு சாலையைத் தாண்டி ஓடினார்.

"அண்ணாச்சி! நீ இருக்கியா! உசுரோட இருக்கியா!"

சந்தோஷத்தில் அப்பாவின் கன்னத்தைத் தடவினார். பிறகுதான் உள்ளே கிடத்தியிருந்தவரைப் பார்த்தார். சந்தோஷப்பட்ட வெட்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கையை நீட்டினார்.

"எனக்குன்னு வாங்கினதுதானம்மா. குடுங்க. நான் போடுதேன் அவனுக்கு."

அந்த அம்மா மாலையைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தனக்குத்தானே புலம்பத் தொடங்கினார்.

"அண்ணாச்சின்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரே. 'அண்ணாச்சி எதுத்தாப்புல இருக்காரு, நான் தம்பி, தம்பின்னு கூப்பிடுங்க'ன்னு எத்தினி வாட்டி சொல்லியிருப்பாரு. எங்க வாயி கேட்டுச்சா? பழகின வாயி, அண்ணாச்சின்னே வந்துச்சு. ஒவ்வொரு வாட்டியும் சொல்வாரு. சலிக்கவே இல்ல அந்தப் புள்ளைக்கு."

அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி ஆமாம் என்று தலையை அசைத்தார். கடையில் வேலை பார்த்த பையனைக்கூடத் தன்னை அண்ணாச்சி என்று கூப்பிட விடவில்லையாம். முதலாளி என்று கூப்பிடச் சொன்னாராம்.

எதிர்க்கடை அண்ணாச்சி என்று இந்த ஊரில் ஒருவர் இருந்ததே இல்லை. இத்தனை வருஷமும் ஒரு தம்பிதான் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் எவனுக்கு அண்ணாச்சி என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்த கேள்வியை அவரும் அங்கே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்பா மாலையைப் போட்டார். பிறகு அந்த மூட்டையில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் ஆட்கள் எங்கே இறந்தாலும் ஊருக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆம்புலன்ஸில் சித்தியோடும் பிள்ளையோடும் அப்பா ஏறிக்கொண்டார். திண்டிவனம் தாண்டியதும் கண்ணாடிப் பெட்டியில் கையை வைத்துப் பேசத் தொடங்கினாராம். ஊர் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லையாம். "கூப்பிடுல. நான்தான் சொல்லுதேன், கூப்பிடுல. ஒரு தடவ கூப்பிடுல" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை என்று சித்தி பிறகு என்னிடம் சொன்னார்.

காரியம் எல்லாம் முடிந்து அப்பா திரும்பினார். மறுநாள் காலை காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்க்கடை பூட்டியிருந்தது. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அம்மா போய்த் தோளைத் தொட்டு, "தொறங்க, ஆளு நிக்காவ" என்றார். எழுந்துபோய் ஷட்டரைத் தூக்கினார். அந்த வெற்றிலை அம்மாதான் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வெத்தல பாக்கு."

அப்பா வெற்றிலைக் கூடைக்குக் கையை நீட்டவில்லை. "எம்மா, இனிமே என்னைய அண்ணாச்சின்னு கூப்பிடாதிய" என்றார்.

அந்த அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "பின்ன இன்னான்னுப்பா கூப்பிடறது?"

அப்பா வெற்றிலையை எடுத்து ஈரத்தை உதறி, பாக்கு வைத்து மடித்துக் கொடுத்தார். அன்று வந்தவர்களில் இன்னும் சிலரிடமும் அப்படிச் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், சாமான் வாங்கினார்கள், "வர்றேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவின் அந்த வார்த்தையைக் கேட்டு நடந்தவர் சித்தப்பா ஒருவர்தான்.